சுமைகூலி முக்கால் பணம்

அறிவியல் கல்விக்கும் ஆய்வுக்கும் நிதி வழங்கும் துறைகளின் உயர் அதிகாரிகளுக்கு,



நான் தருமபுரி மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் நடத்தும் ஆசிரியர். கீழே சொல்லப்போகும் அனுபவம் எந்த முகமையில் நேர்ந்தது, கோப்பு யார் மேஜையில் கிடந்தது என்று எழுதப்போவதில்லை. பெயர் சொல்லித் தீரும் குறை அல்ல இது. முகமைகளின் பெயர் மாறியிருக்கிறது, படிவம் மாறவில்லை.

2022 ஜூலையில், இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி குளிர்பானம் தீர்ந்த பிளாஸ்டிக் பாட்டிலில் தன் ஊர் போர் தண்ணீரைக் கொண்டுவந்தாள். மூடியைச் சுற்றி செல்லோடேப். பாட்டிலின் மேல் காயத்துக்கு ஒட்டும் வெள்ளை பிளாஸ்டர், அதில் பேனாவால் ஊர்ப் பெயரும் தேதியும். வீட்டில் கண்ணாடி பாட்டில் இல்லை என்று தயங்கினாள். ஃப்ளோரைடு பார்க்கப் பிளாஸ்டிக்தான் சரி, கண்ணாடியோடு அது வினைபுரிந்துவிடும் என்றேன். சிரித்தாள். முன்பற்களில் பழுப்புக் கோடுகள். எங்கள் மாவட்டத்தில் அந்தக் கோடுகளின் காரணம் தெரிய யாரும் பல் மருத்துவரிடம் போவதில்லை.

குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கணக்கு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு நிலைமை எவ்வளவோ தேவலை. ஆனாலும் குழாயில் தண்ணீர் வராத நாளில் சோற்றுக்கு உலை வைப்பது போர் தண்ணீரில்தான். சரி, வகுப்பில் இருப்பவர்களே இருபத்துநான்கு ஊர்க்காரர்கள். ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவந்தால் இருபத்துநான்கு ஊரின் கணக்கு வந்துவிடும். கோடையில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை மாதத்தில் ஒருமுறை. வேண்டியது ஃப்ளோரைடு மின்முனையோடு ஒரு மீட்டர், தாங்கல் கரைசல், திட்டக் கரைசல், கொஞ்சம் பிளாஸ்டிக் சாமான். மொத்தம் 1,80,000 ரூபாய் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

விண்ணப்பம் 38 பக்கம் வந்தது.

இந்தப் பொருளில் சர்வதேச நிலை என்ன, தேசிய நிலை என்ன என்று தனித்தனியாகக் கேட்டிருந்தது. கடந்த ஐந்தாண்டுகளில் என் ஆய்வுக் கட்டுரைகள், அவை வந்த இதழ்களின் தாக்கக் குறியீடு, காப்புரிமை இருந்தால் எண். பணிகளின் கால அட்டவணை, அதையே கட்டை வரைபடமாக இன்னொரு முறை. ஒவ்வொரு கருவிக்கும் மூன்று கொட்டேஷன். முதல்வரின் ஒப்புதல் கடிதம் கல்லூரி லெட்டர்பேடில், முத்திரையோடு. எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிய பிறகு, அதே கட்டை ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்ப வேண்டும். வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் பாடம் எடுப்பவன் இதை இரவில்தான் எழுத முடியும். ஆறு வாரம் எழுதினேன்.

இடம் சார்ந்த ஆய்வாக இருந்தால் அந்த இடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் கூறுக என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் மட்டும் மனதாரப் பதில் எழுதினேன். இதனால் எத்தனை மாணவர்கள் தம் கையால் கருவியைத் தொடுவார்கள் என்று கேட்கும் கட்டத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தேடினேன். இல்லை.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று எங்கள் பாட்டிமார் சொல்வார்கள். இது நம் ஊரில் மட்டும் உள்ள சங்கடமும் அல்ல. 2012-இல் ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆய்வுக் குழுவுக்கு 3,700-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் போயின. அவற்றை எழுத ஆய்வாளர்கள் செலவிட்ட நேரத்தைக் கூட்டினால் ஏறத்தாழ 550 வேலை ஆண்டுகள் என்று மறு ஆண்டு ‘நேச்சர்’ இதழில் கணக்கு வெளிவந்தது. பணம் கிடைத்ததோ ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு. அமெரிக்காவில் மத்திய அரசு நிதி பெற்ற பேராசிரியர்களைக் கேட்டபோது, திட்டத்துக்கான நேரத்தில் 42 சதவீதம் நிர்வாக வேலைக்கே போகிறது என்றார்கள். ஆனால் அங்கே அந்தச் சுமையைத் தூக்கியவர்கள் பெரும்பாலும் பெரிய திட்டக்காரர்கள். அதே சுமையைத்தான் இங்கே 1,80,000 ரூபாய்க்காக ஒரு கல்லூரி வாத்தியார் தூக்குகிறார்.

என் ஆறு வாரம் போனால் போகட்டும். பணி ஓய்வு வரை எனக்கு நேரம் உண்டு. பி.எஸ்சி. மாணவிக்கு இருப்பது ஆறு செமஸ்டர்.

2022 ஆகஸ்டில் விண்ணப்பித்தேன். 2023 மார்ச்சில் பிரசன்டேஷனுக்கு அழைப்பு. ஜூலையில் அனுமதிக் கடிதம். 2024 பிப்ரவரியில் பணம். கூடவே, மார்ச் 31-க்குள் செலவு செய்யச் சொல்லி ஒரு வரி. விண்ணப்பத்தோடு வைத்த கொட்டேஷன்களுக்கு ஆயுள் தொண்ணூறு நாள், அவை எப்போதோ காலாவதி. மறுபடி மூன்று கொட்டேஷன், ஒப்பீட்டுப் பட்டியல், கொள்முதல் குழு, அதன் கூட்டக் குறிப்பு. விலை ஏறியிருந்தது. பயணச் செலவு தலைப்பில் மிச்சம் இருந்த எட்டாயிரத்தைக் கருவித் தலைப்புக்கு மாற்ற அனுமதி கேட்டு எழுதினேன். பதில் வர ஐந்து வாரம். மின்முனை வெளிநாட்டுச் சரக்கு. அது வந்து சேர்ந்தது ஜூனில். அந்த வகுப்பு ஏப்ரலிலேயே கடைசிப் பரீட்சை எழுதிவிட்டுப் போய்விட்டது.

பிறகு கணக்கு முடிக்கும் படலம். பயன்பாட்டுச் சான்றிதழ் (யூசி), செலவு அறிக்கை, ஆடிட்டர் கையெழுத்து, சொத்துப் பதிவேட்டின் நகல் எல்லாம் அனுப்பினேன். யூசி திரும்பி வந்தது. வங்கியில் கிடந்த பணத்துக்கு 317 ரூபாய் வட்டி சேர்ந்திருந்ததாம். பொது நிதி விதிகளின்படி வட்டியை இந்தியத் தொகுப்பு நிதிக்குத் திருப்ப வேண்டும். விதி சரியானதுதான், மக்கள் பணம். அரசுக்குப் பணம் செலுத்தும் பாரத்கோஷ் தளத்தில் கட்டி, ரசீதை இணைத்து, யூசியில் தொகையைத் திருத்தி, ஆடிட்டரிடம் மீண்டும் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். ஆடிட்டர் அலுவலகத்துக்கு இரண்டு நடை போய்வந்த பஸ் காசும் நகல் எடுத்த செலவும் அந்த வட்டியை விழுங்கிவிட்டன.

தணிக்கையே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். பில் மட்டும் இருந்து கருவி இல்லாத ஆய்வகங்களும் இந்த நாட்டில் உண்டு. பிரிக்காத பெட்டியிலேயே துருப்பிடித்த கருவிகளும் உண்டு. கேள்வி கேட்பது உங்கள் கடமை. ஆனால் கோடி ரூபாய்க் கருவிக்கும் குவளை, குடுவைக்கும் ஒரே தராசு எதற்கு? விறகுக் கடைத் தராசில் பொன் நிறுத்தால் நஷ்டம் யாருக்கு?

இளங்கலையிலேயே ஆய்வு வேண்டும் என்று சொல்பவர்களும் நீங்கள்தான். முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் எடுத்தவர் நான்காம் ஆண்டில் ஆய்வோடு கூடிய ஆனர்ஸ் பட்டம் பெறலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் சட்டகம் வெளியிட்டது. தமிழ்நாடு அதை ஏற்பதா என்பது வேறு வழக்கு. எங்கே நடந்தாலும், ஓராண்டில் முடிய வேண்டிய மாணவர் ஆய்வுக்குப் பதினெட்டு மாதம் கழித்துப் பணம் வந்தால் அது யாருடைய ஆய்வு?

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை.

முதலில் இரண்டு பக்கக் கருத்துரு மட்டும் கேளுங்கள். என்ன செய்யப்போகிறோம், எத்தனை மாணவர்கள், உத்தேசமாக எவ்வளவு பணம். அதில் தேறியவர்களிடம் மட்டும் கொட்டேஷனும் முத்திரையும் கேட்டால் போதும். மற்றவர்களின் இரவுகள் மிஞ்சும். உங்கள் அலமாரியும் மிஞ்சும்.

இளங்கலைக்கென்று தனிப் படிவம் வையுங்கள். தாக்கக் குறியீடு கேட்கும் இடத்தில், இதற்குமுன் மாணவர்களைக் கொண்டு என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். எங்களில் பலருக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

கல்லூரியின் ஆண்டு ஜூனில் தொடங்குகிறது, உங்கள் ஆண்டு மார்ச்சில் முடிகிறது. ஜூலைக்குள் பணம் தர முடிந்தால் நல்லது. முடியாவிட்டால், மிச்சப் பணத்தை ஏப்ரலுக்கு எடுத்துச்செல்லத் தனி அனுமதிக்காக எங்களைக் காத்திருக்க வைக்காதீர்கள்.

இரண்டு லட்சத்துக்கு உட்பட்ட திட்டமென்றால், ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்குப் பணம் மாற்றும் அதிகாரத்தை முதல்வரிடமே விடுங்கள். 2025 ஜூனில், ஆய்வுக் கருவிகளை அரசின் கொள்முதல் தளமான ஜெம்முக்கு வெளியே வாங்கத் துணைவேந்தர்களுக்கும் அறிவியல் நிறுவன இயக்குநர்களுக்கும் மத்திய அரசு அதிகாரம் தந்தது. நல்ல முடிவு. அந்த நம்பிக்கையில் ஒரு கைப்பிடி கல்லூரி முதல்வர்மீதும் வையுங்கள்.

நிராகரித்தால் ஏன் என்று இரண்டு வரி எழுதுங்கள். 38 பக்கம் எழுதியவருக்கு இரண்டு வரி அதிகமில்லை.

மின்முனை வந்த அன்று அந்த மாணவிக்கு போன் செய்தேன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். “மீட்டர் வந்திருச்சும்மா” என்றேன். “எங்க ஊர்த் தண்ணியப் போட்டுப் பாத்தீங்களா சார்?” என்று கேட்டாள்.

பாட்டில் ஆய்வக அலமாரியில்தான் இருக்கிறது. பிளாஸ்டரில் அவள் கையெழுத்து கொஞ்சம் மங்கியிருக்கிறது. ஆனால் ஃப்ளோரைடு மாதிரியை எடுத்த 28 நாளுக்குள் அளந்துவிட வேண்டும். அந்தத் தண்ணீருக்கு அப்போது இரண்டு வயது. அதை அவளிடம் சொல்ல மனமில்லாமல், புதுசா எடுத்துப் பாக்குறேம்மா என்றேன். இப்போது கரைசல் தீர்ந்துவிட்டது, அடுத்த விண்ணப்பம் உங்கள் மேஜையில் இருக்கிறது. கோடை மாதிரியை மே மாதத்தில் எடுக்க வேண்டும். அதற்குள் உண்டு, இல்லை என்று ஒரு பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வேதியியல் ஆசிரியர்,
தருமபுரி மாவட்டம்