வயசாச்சு, சுகர் வேற

பெரியம்மா இறந்த அன்று வாசலில் நின்றவர்கள் எல்லோரும் ஒரே வரியைத்தான் சொன்னார்கள். "வயசாச்சு, சுகர் வேற. என்ன பண்ண முடியும்?" நானும் தலையாட்டினேன். இன்றைக்கு நினைத்தால் கூசுகிறது.

ரத்தத்தில் பாக்டீரியா கலந்தவர்களில் சாகும் ஆபத்து யாருக்கு அதிகம் என்பதற்கு மருத்துவத்தில் ஒரு பட்டியல் உண்டு. முதுமை, புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு. இதெல்லாம் நோயாளியின் உடம்பில் இருப்பது. பட்டியலின் மறுபாதி வேறு: கிருமிக்குக் கேட்காத ஆன்டிபயாடிக்கை முதலில் ஏற்றியது, சரியானதைத் தாமதமாக ஏற்றியது, கிருமி நுழைந்த குழாயை எடுக்காமல் விட்டது, உள்ளே கட்டிய சீழை வெளியேற்றாதது. இந்தப் பாதியைச் சாவு வீட்டில் யாரும் சொல்வதில்லை.

செப்டிக் ஷாக் பற்றி ஆனந்த் குமார் குழுவினர் 2006-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ரத்த அழுத்தம் விழுந்த முதல் ஆறு மணி நேரத்தில், சரியான மருந்து தாமதமான ஒவ்வொரு மணிக்கும் பிழைப்பவர்கள் சராசரியாக 7.6 சதவீதம் குறைந்தார்கள். பெரியம்மாவுக்கு முதல் நாளே ஷாக் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மெடிக்கலில் ரெண்டு மாத்திரை, கிளினிக்கில் ஒரு ஊசி என்று மூணு நாளை நாங்கள்தான் ஓட்டினோம். பிளட் கல்ச்சர் எடுத்தது நாலாம் நாள், ஐ.சி.யு.வில், ஆன்டிபயாடிக் ஏற்றிய பிறகு. அப்படி எடுத்தால் கிருமி சிக்காமலே போகலாம்.

"அப்ப டாக்டரைக் குறை சொல்றியா?" என்று கேட்பீர்கள். அவரை மட்டும் இல்லை. கல்ச்சர் முடிவு முழுசாக வர இரண்டு மூன்று நாளாகும். அதுவரை அவர் ஊகித்துத்தான் மருந்து கொடுக்க வேண்டும். மெரோபெனத்துக்கே அசையாத கிளெப்சியெல்லா வார்டில் உலவும்போது அந்த ஊகம் தவறும். அதைப் பழக்கிவிட்டதில் நமக்கும் பங்கு உண்டு. செஃபிக்ஸிம் சீட்டில்லாமல் விற்கக்கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற ஷெட்யூல் ஹெச்1 விதி 2014-இலிருந்து இருக்கிறது. நான் சீட்டில்லாமல்தான் வாங்கியிருக்கிறேன், பலமுறை.

சுகர் இருந்தது உண்மை. ஆனால் அறுபத்தெட்டு வயதை யாராலும் குறைக்க முடியாது. அந்த மூன்று நாளைக் குறைத்திருக்கலாம். உங்கள் வீட்டில் யாராவது ஐ.சி.யு.வில் இருந்தால் தயங்காமல் கேளுங்கள்: கல்ச்சர் எடுத்தாச்சா? ரிசல்ட் பார்த்து மருந்தை மாத்தினீங்களா? அந்தக் குழாய் இன்னும் வேணுமா? நான் கேட்டது ஒரே கேள்விதான்: "பில் எவ்ளோ ஆச்சு?"