அழுத்தும் கையும் அறியும் கையும்



“நம் நகரில் ‘ஷியாட்சு’ என்று பலகை தொங்கவிட்டு, ஒரு மணி நேரத்துக்குப் பெருந்தொகை வாங்குகின்றனர். அது நம் நாட்டுக் கைமுறைகளினும் உயர்ந்ததோ? உடலில் ஏதோ ஆற்றல் ஓடுகிறது என்கிறார்களே, அது மெய்தானோ?” என்று அல்சூர் வாசகர் ஒருவர் கேட்டு எழுதியுள்ளார். ஊரிலிருந்து வந்து தம்முடன் தங்கியிருக்கும் தாயாரின் கால்வலிக்காகவே இதனைக் கேட்பதாகவும் குறித்துள்ளார்.

வினாக்கள் இரண்டு. ஆற்றல் உண்டா என்பது ஒன்று. கை பயன் தருமா என்பது மற்றொன்று. முன்னதற்கு முடிவு காணும்வரை பின்னதைத் தள்ளிவைக்க வேண்டுவதில்லை.

ஷியாட்சு என்னும் சப்பானியச் சொல்லுக்கு விரலழுத்தம் என்பதே பொருள். அதனை உலகறியச் செய்தவர் தொக்குஜிரோ நமிகோஷி. 1905-இல் சிக்கோக்குத் தீவிற் பிறந்தவர். அவர் ஏழு வயதுச் சிறுவராய் இருந்தபோது, குடும்பம் வடக்கே குளிர் மிகுந்த ஹொக்கைடோவுக்குக் குடிபெயர்ந்தது. புது மண் தாயாருக்கு ஒவ்வவில்லை. மூட்டுக்கு மூட்டு வலி கண்டது. அருகில் மருத்துவர் இல்லை. பிள்ளைகள் முறைவைத்துத் தடவியும் அழுத்தியும் வந்தனர். தொக்குஜிரோவின் கையே இதமாக இருக்கிறது என்றாராம் தாய். தோல் எங்கே குளிர்ந்திருக்கிறது, தசை எங்கே இறுகியிருக்கிறது என்பதை விரலால் அறிந்து, அதற்கேற்ப அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் அச்சிறுவர் பழகினார் என்பது அவர் வரலாறு. பிழைப்பை நாடி மண் மாறி வந்த குடும்பங்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுமா? 1809-இல் இங்கே படைப்பாளையம் அமைந்தது முதல் அல்சூர்ப் பக்கம் வந்து குடியேறிய நம்மவர் வீடுகளிலும், இருந்த முதல் மருத்துவம் கைதானே!

நமிகோஷி 1940-இல் தோக்கியோவில் பயிற்சிப் பள்ளி கண்டார். 1955-இல் சப்பானியச் சட்டம் இம்முறையை ஏற்றது. இன்றும் அந்நாட்டில் மூன்றாண்டு பயின்று அரசுத் தேர்வில் தேறியவரே இதனைத் தொழிலாகச் செய்யலாம். இங்கே பலகை எழுதுவோர் இதனை எண்ணிப் பார்ப்பது நன்று.

ஒரு வியப்பு: நமிகோஷி ‘கி’ என்னும் உயிராற்றலைப் பற்றி மிகுதியாகப் பேசியவர் அல்லர், எலும்பு, தசை, நரம்பு ஆகிய உடற்கூற்றையே சார்ந்து நின்றார். ஆற்றல் ஓடைகளை ஷியாட்சுவின் நடுவே கொணர்ந்தவர், உளவியல் பயின்ற ஷிசூத்தோ மசுனாகா (1925–1981). ஆகவே ஷியாட்சுவுக்குள்ளேயே இரு கட்சிகள் உண்டு. எனினும் கையை எப்படி வைப்பது என்பதில் பெரும் பிணக்கில்லை. விரலின் வலிமையால் குத்தலாகாது. தம் உடலின் எடையை மெல்லச் சாய்த்து, நேர் செங்குத்தாக அழுத்த வேண்டும். சற்றே நிறுத்தி, மெல்ல விடவேண்டும். மசுனாகாவின் வழியில் ஒரு கை ஓரிடத்தில் அசையாது தங்கியிருக்கும். மற்றது இடம்விட்டு இடம் செல்லும். தங்கும் கைக்குத் தாய்க்கை என்று பெயர். எத்துணை அழகிய பெயர்!

இனி நம் வீட்டுக்கு வருவோம். சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்பது உடலைப் பிடித்து விடும் முறை. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகையாக அதனைப் பிரிப்பர். அதனினும் நுட்பமானது குமரி மாவட்டத்து ஆசான்கள் போற்றிக் காத்த வர்மம். படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 நிலைகள். அடிபட்டால் உயிருக்கே இடையூறு செய்யும் இடங்கள், அளவறிந்து தொட்டால் நோய்க்கு மருந்தாகும் என்பது அக்கலையின் அடிப்படை. அழுத்தத்தின் அளவைக் கால் மாத்திரை, அரை மாத்திரை, முக்கால் மாத்திரை எனக் கூறுவர். மாத்திரை என்றதும் விழுங்கும் குளிகையை எண்ண வேண்டா. எழுத்தொலிக்கு இலக்கணம் கூறும் மாத்திரை போன்றதோர் அளவு அது. நிலைகளின் இருப்பிடத்தை இத்தனை விரற்கடை என்று குறிக்கும்போது, அவ்விரல் நோயாளியின் விரல், ஆசானின் விரலன்று. சீனரும் சப்பானியரும் நோயாளியின் பெருவிரலகலம் கொண்டே அளக்கின்றனர். அளவுகோல் தொடப்படுபவரின் உடலிலேயே உள்ளது என்பதில் கீழ்த்திசை முழுதும் ஒன்றுபட்டிருப்பதை நோக்குங்கள்.

ஆற்றலுக்கு வருவோம். நாடி எழுபத்தீராயிரம், வாயு பத்து என்பது நம் மரபு, சப்பானியர்க்குக் ‘கி’. இவ்வோடைகளை உடலை அறுத்தாய்ந்த எவரும் கண்டிலர். ஆனால் தொடுதல் வெறுங்கற்பனையும் அன்று. அழுத்தத்தை உணரும் புரதங்களை ஆர்டெம் பட்டபூட்டியன் குழுவினர் 2010-இல் கண்டறிந்தனர்; அதற்காக 2021-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மெல்லத் தடவும் கையை உணர்வதற்கென்றே தனி நரம்பிழைகள் தோலில் உள்ளன. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வரையான மெதுநடைக்கே அவை நன்கு விடையிறுக்கின்றன. இடுப்புவலிக்குப் பிடித்துவிடுதல் சிறிது காலத் தணிவு தரக்கூடும் என்பதற்கு ஓரளவு சான்று உண்டு. நீரிழிவையும் புற்றையும் விரலால் தீர்ப்பேன் என்பவரிடம் மட்டும் பணப்பையை இறுகப் பற்றிக்கொள்ளுங்கள். நான் ‘கி’யை நம்புமாறும் சொல்லேன், நகுமாறும் சொல்லேன், கையைக் கவனத்துடன் வைக்கக் கற்பித்த சொல் அது என்ற அளவில் மதிக்கிறேன்.

வாசகரின் தாயாருக்கு என்ன செய்வது? முதலில் இரு கால்களையும் ஒருங்கே பாருங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, வெம்மையுற்று, நோவுடன் இருந்தால், அதிலும் நெடும்பயணத்துக்குப் பின்னோ அறுவை சிகிச்சைக்குப் பின்னோ படுக்கையில் நெடுநாள் கிடந்த பின்னோ அவ்வாறு கண்டால், அதனைத் தொட்டு அழுத்தவே கூடாது. உள்ளே குருதி உறைந்திருக்கலாம். அழுத்தினால் அக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்க. காய்ச்சல், எலும்பு முறிவு, எலும்புத் தேய்வு உடையோரும், குருதி உறையாதிருக்க மருந்து உண்போரும், கருவுற்றோரும் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கலாகாது. முடிதிருத்தும் கடையில் கழுத்தைத் திருகி நெட்டி முறிக்கும் வழக்கத்தையும் விடுவது நலம். கழுத்துக் குருதிக்குழாய் கிழிந்து பக்கவாதம் நேர்ந்ததுண்டு.

இவை ஒன்றும் இல்லையெனில், இரவில் தாயாரைச் சாய்ந்து படுக்கச் செய்து, சிறிது நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக்கி, ஒரு கையை முழங்காலின்மேல் வைத்துக்கொண்டு மறுகையால் பாதத்திலிருந்து மேல்நோக்கி உருவிவிடுங்கள். பேச்சு வேண்டா, கைப்பேசியும் வேண்டா. “வலிக்கிறதா?” என்று அடிக்கடி கேளுங்கள், முகத்தையும் பாருங்கள், ஏனெனில் நம் தாய்மார் வலித்தாலும் இல்லையென்றே சொல்வர். பத்து நிமிடம் போதும். வெளியே சென்றுதான் பார்ப்பது என்றால், கைவைக்கும் முன்னர் உங்கள் நோய்களையும் மருந்துகளையும் விசாரிக்காத எவரிடமும் உடலை ஒப்படைக்காதீர்கள். வர்மம் வேண்டுவோர், சித்த மருத்துவப் பட்டம் பெற்றவரை நாடலாம். சென்னைத் தாம்பரத்தில் 2005-இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் வர்மமும் தொக்கணமும் முறையாகச் செய்யப்படுகின்றன. ஊருக்குச் செல்லும்போது அங்கே ஒரு நாள் இறங்கிப் பார்த்துவிட்டே செல்லலாம்.