ஆட்டம் தொடங்கும் முன்பே பேச வேண்டியவை

கணினித் திரையின் முன் அமர்ந்து ஆடும் விளையாட்டைப் பொழுதுபோக்கு என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உலகமோ அதனை முறையான போட்டியாகவே ஏற்றுக்கொண்டுவிட்டது. 2023-ஆம் ஆண்டு சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளில், ஓட்டத்திற்கும் நீச்சலுக்கும் வழங்கப்பட்டது போலவே இ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் மின்விளையாட்டுகளுக்கும் தங்கப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. 2024-இல் ரியாத்தில் நடந்த இ-ஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பையின் மொத்தப் பரிசுத் தொகை 6 கோடி டாலரைத் தாண்டியது.

வெற்றி பெற்றவர்களில் நம் பிள்ளைகள் தம்மவராக எண்ணத்தக்க பெயர்களும் உண்டு. கராச்சியில் பிறந்த சுமைல் ஹசன், 2015-இல் டோட்டா 2 உலகப் போட்டியில் தம் அணியுடன் வென்றபோது அவருக்கு வயது 16. அந்த அணி பெற்ற பரிசு 66 லட்சம் டாலருக்கும் அதிகம். லாகூரைச் சேர்ந்த அர்சலான் ஆஷ் 2019-இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நடந்த இரண்டு பெரிய டெக்கன் போட்டிகளில் பட்டம் வென்றார். ஆகவே, "இதில் என்ன எதிர்காலம் இருக்கிறது?" என்று நாம் கேட்டால், பிள்ளையிடம் பதில் ஆயத்தமாகவே இருக்கும்.

அந்தப் பதில் எவ்வளவு தூரம் உண்மை என்பதை அறியத் தென்கொரியாவைப் பார்க்க வேண்டும். 1997-இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் அந்நாடு அதிவேக இணையத்தை நாடெங்கும் கொண்டுசென்றது. தெருவுக்குத் தெரு கணினி விளையாட்டு நிலையங்கள் தோன்றின. 1998-இல் வெளிவந்த ஸ்டார்கிராஃப்ட் அங்கே தேசிய மோகமாயிற்று. 2000-இல் மின்விளையாட்டுக்கெனச் சங்கமும் தொலைக்காட்சி அலைவரிசையும் அமைந்துவிட்டன. ஃபேக்கர் என்னும் பெயரால் உலகமறிந்த லீ சாங்-ஹியோக் இன்று அந்நாட்டின் மிகப் புகழ்பெற்ற விளையாட்டு வீரர்களில் ஒருவர். ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற கொரிய வீரர்களுக்குக் கட்டாய இராணுவச் சேவையிலிருந்தே விலக்குக் கிடைக்கிறது.

ஆயினும் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஃபேக்கர் ஆடும் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் விளையாட்டின் கொரிய முதல்நிலைத் தொடரில் 10 அணிகள். களத்தில் இறங்குவோர் அணிக்கு ஐந்து பேர். விளையாட்டுக்கென்றே பெயர்பெற்ற ஒரு நாட்டிலும் அந்த உச்சியில் இருப்பவை ஏறத்தாழ 50 இடங்களே. அந்த இடத்தை அடைந்தவர் பயிற்சியாளரின் கண்காணிப்பில், கால அட்டவணைப்படி ஆடுகிறார். நள்ளிரவில் போர்வைக்குள் கைபேசியைப் பிடித்திருக்கும் மாணவனுக்கு அட்டவணையும் இல்லை, பயிற்சியாளரும் இல்லை. இரண்டையும் ஒன்றெனக் கருதுவது அப்பிள்ளைக்கே நாம் செய்யும் அநீதி.

அதே கொரியா இதன் மறுபக்கத்தையும் கண்டது. 2011-இல் 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணையவழிக் கணினி விளையாட்டுகளை ஆடத் தடை விதித்தது. பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்களைக் கொண்டு நுழைந்தார்கள். பின்னர் சட்டத்தின் பிடிக்குள் வராத கைபேசி விளையாட்டுகளுக்கு மாறினார்கள். பத்தாண்டுகள் கழித்து, நேரத்தைத் தீர்மானிக்கும் பொறுப்பைக் குடும்பங்களிடமே விட்டுவிட்டு அரசு அத்தடையை நீக்கியது. சீனாவோ 2021-இல் வேறு வழியில் சென்றது. 18 வயது நிரம்பாதோர் வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை ஆகிய நாட்களில் இரவு 8 முதல் 9 மணி வரை மட்டுமே இணைய விளையாட்டுகளை ஆடலாம் என விதித்தது.

சட்டத்தால் கணக்கை முடக்க இயலும். பிள்ளையின் மனத்தில் எல்லையை வரைவது வீட்டின் வேலை.

அந்த வேலையைச் செய்ய, விளையாட்டின் இயல்பைப் பெற்றோர் சற்றேனும் அறிந்திருக்க வேண்டும். இவ்வகைக் குழு ஆட்டங்களை நடுவில் நிறுத்தி வைக்க இயலாது. ஓர் ஆட்டம் அரை மணி நேரத்திற்கு மேலும் நீளலாம். இடையில் வெளியேறுபவருக்குத் தண்டனை உண்டு. உடன் ஆடும் நால்வரும் தோற்க நேரிடலாம். பாங்கு ஒலிக்கும்போது "இதோ வருகிறேன்" என்று சொல்லும் பிள்ளை நம்மை அலட்சியம் செய்கிறான் என்று எண்ணிச் சினம் கொள்கிறோம். அவனோ இரண்டு கடமைகளுக்கு நடுவே சிக்கியிருக்கிறான். அச்சிக்கலை அவிழ்க்க வேண்டிய நேரம் ஆட்டத்தின் நடுப்பகுதி அன்று. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பு. தொழுகை நேரத்திற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் புதிய ஆட்டம் தொடங்குவதில்லை, இஷாவுக்குப் பின் ஆட்டம் இல்லை என்று முன்கூட்டியே உடன்பாடு செய்துகொண்டால், பாதிச் சண்டை வீட்டை விட்டு வெளியேறிவிடும்.

விளையாட்டை வெறுக்கும் மார்க்கம் அன்று நம்முடையது. நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியிருக்கிறார்கள். பள்ளிவாசலில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாடியதைத் தடுக்கவில்லை. அன்னையார் பார்த்து மகிழவும் துணை நின்றார்கள். ஆனால் நாளை ஐந்து வேளைகளாகப் பகுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வாசலை வைத்திருக்கிறது இம்மார்க்கம். பிற சமூகங்கள் சட்டத்தில் தேடும் கால ஒழுங்கு நம் வீட்டுச் சுவரில் தொழுகை நேர அட்டவணையாகவே தொங்குகிறது. ஃபஜ்ருக்கு எழ இயலாதபடி இரவைத் தின்னும் ஆட்டம் எதுவாயினும், அது கோப்பை வாங்கித் தந்தாலும், நமக்கு நட்டமே.

பணத்தின் பக்கமும் விழிப்பு வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியைக் காசு கொடுத்துத் திறக்கச் செய்யும் விளையாட்டுகள் பல. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-இலேயே சில விளையாட்டுகளின் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என அறிவித்தது. இந்தியாவின் 2025-ஆம் ஆண்டு இணைய விளையாட்டுச் சட்டமும் பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்து, மின்விளையாட்டைத் தனியே பிரித்து அங்கீகரித்தது. சூதாட்டத்தைத் தடுத்த குர்ஆன், அது பகைமையை மூட்டும், இறைநினைவையும் தொழுகையையும் மறக்கச் செய்யும் எனக் காரணத்தையும் சேர்த்தே உணர்த்துகிறது. திறமையால் வெல்லும் பரிசு வேறு. அதிர்ஷ்டத்தை விலைக்கு வாங்குவது வேறு. இவ்வேறுபாட்டை பத்து வயதுப் பிள்ளைக்கும் புரிய வைக்கலாம்.

எனவே, கைபேசியைப் பறித்து அலமாரியில் பூட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. "எல்லாரும் ஆடுகிறார்கள்" என்று விட்டுவிடுவதும் தகாது. இன்றிரவு பிள்ளையின் அருகில் அமர்ந்து, என்ன ஆட்டம், யாருடன் ஆடுகிறாய், ஓர் ஆட்டம் எவ்வளவு நேரம் நீளும், அதற்குப் பணம் கேட்கிறதா என்று கேட்போம். அவன் சொல்வதை முழுமையாகக் கேட்டபின் நம் எல்லைகளைச் சொல்வோம். அந்த எல்லைகளை நம் கையிலுள்ள கைபேசிக்கும் சேர்த்தே விதித்துக்கொள்வோம். வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் நேரத்திலும் திறமையிலும் பரக்கத் செய்வானாக.