டூமா யார் பேரன்?

'மூன்று துப்பாக்கி வீரர்கள்', 'மாண்டி கிறிஸ்டோ பிரபு' என்று சுருக்கிய பதிப்புகள் வழியாக நமக்கெல்லாம் தெரிந்த பிரெஞ்சுக்காரர் அலெக்சாண்டர் டூமா. சாகசக் கதை மன்னன் என்பார்கள். 1802இல் பிறந்தார், 1870இல் இறந்தார், வாள், குதிரை, பழிவாங்கல், அத்தோடு சரி. அவருடைய பாட்டி யார் என்று கேட்டால் மட்டும் நம்ம இலக்கியப் பெரியவர்களுக்குக் கோபம் வந்துவிடுகிறது. 'எழுத்தைப் பாருய்யா, எழுதினவன் பொறப்பை ஏன் நோண்டுறே?' என்கிறார்கள். நோண்டியது நாம் அல்ல. அவர் காலத்துப் பாரிஸ்தான் நோண்டியது.

பாட்டியின் பெயர் மரி செசெத் டூமா. இன்றைய ஹெய்தி அன்று சான் தொமாங் என்ற பிரெஞ்சுக் காலனி. கரும்புத் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்க மக்களைக் கப்பல் கப்பலாகக் கொண்டுபோய் இறக்கிய இடம். அங்கே அடிமையாக இருந்தவர் அவர். அவருக்கும் ஒரு பிரெஞ்சுப் பிரபுவுக்கும் 1762இல் பிறந்த மகன் தோமா அலெக்சாண்டர். ஊர் திரும்பக் காசில்லாத அந்தப் பிரபு, பெற்ற மகனையே பிறகு மீட்டுக்கொள்ளும் நிபந்தனையோடு விற்றான். பெத்த புள்ளையை அடகு வைக்கிற அப்பனுக்குப் பெயர் பிரபு!

1786இல் மகன் சாதாரணச் சிப்பாயாகப் படையில் சேர்ந்தபோது அப்பன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. அம்மாவின் பெயரைப் போட்டுக்கொண்டார். புரட்சி வந்தது. 1793இல் அவர் தளபதி. இத்தாலியில் சிறைப்பட்டு, 1801இல் உடல் சிதைந்து வெளியே வந்தார். 1802 மே மாதம் நெப்போலியன் அடிமைமுறையை மறுபடியும் சட்டமாக்கினார். ஜூலையில் நம் நாவலாசிரியர் பிறக்கிறார். 1806இல் தளபதி இறந்தபோது மகனுக்கு நாலு வயதுகூட நிரம்பவில்லை. விதவைக்கு ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. பிள்ளை பாரிசுக்கு வந்தது எழுத்தர் வேலைக்கு. அங்கிருந்துதான் நாடகம், பிறகு தொடர்கதை, பிறகு உலகப்புகழ்.

புகழ் வந்ததும் சும்மா விட்டார்களா? 1845இல் மிர்கூர் என்ற பத்திரிகைக்காரர் ஒரு துண்டு நூல் போட்டார். டூமா கூலிக்கு ஆள் வைத்து நாவல் தயாரிக்கும் தொழிற்சாலை நடத்துகிறார் என்பது குற்றச்சாட்டு. குற்றச்சாட்டோடு நிறுத்தினாரா? இல்லை. டூமாவின் தோலையும் பிறப்பையும் இழுத்துவைத்து ஏசினார். நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. அடுத்தவர் பெயரில் எழுதிக்கொடுப்பவருக்குப் பிரெஞ்சில் 'நெக்ர்' என்று பெயர். கறுப்பு அடிமையை ஏசும் அதே சொல். சாதிப் பெயரே வசைச்சொல்லாகப் புழங்கும் ஊரில் வாழும் நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. 2017இல்தான் பிரெஞ்சுப் பண்பாட்டு அமைச்சகம் அதற்கு மாற்றாக, பேனாவை இரவல் தருபவர் என்ற பொருளில் வேறொரு சொல்லைப் பரிந்துரைத்தது.

அதற்காக டூமாவைத் தோளில் தூக்கிவைத்து ஆடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவரோடு சேர்ந்து அந்தப் பெரிய நாவல்களை உழைத்து உருவாக்கியவர் ஒகுஸ்த் மாக்கே. அவர் பெயர் அட்டையில் வரவில்லை. வழக்குப் போட்டும் கூட்டாசிரியர் உரிமை கிடைக்கவில்லை, பணம்தான் கிடைத்தது. உழைப்பவன் பெயரை மறைப்பது யார் செய்தாலும் அநியாயம்தான். 1843இல் டூமா எழுதிய 'ஜார்ஜ்' நாவல் மொரீசியசில் நிறவெறியை எதிர்க்கும் கலப்பினத்தவன் ஒருவனின் கதை. ஆனால் தலைவன் தோட்ட முதலாளியின் மகன். அண்ணன் அடிமை வியாபாரி. கிளர்ச்சிக்குக் கிளம்பிய அடிமைகளோ சாராயப் பீப்பாயைக் கண்டதும் போராட்டத்தை மறந்துபோகிறார்கள். பேரன் பாட்டியின் பக்கம் முழுசாக வந்து நிற்கவில்லை என்பதையும் நாம்தான் சொல்லியாக வேண்டும். பாட்டியையே மறைத்துவிட்டால் இந்த விமர்சனத்தை எங்கே நின்று செய்வது?

வெளுக்கிற வேலை இன்னும் நிற்கவில்லை. தளபதி டூமாவுக்குப் பாரிசில் இருந்த சிலையை நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் அழித்தார்கள். இறந்து 132 வருடம் கழித்து, 2002இல்தான் நாவலாசிரியரைத் தேசத்தின் பெரியோர் உறங்கும் பாந்தியோனுக்குக் கொண்டுபோனார்கள். அவர் சந்தித்த நிறவெறியைக் குடியரசுத் தலைவர் சிராக் அன்று வெளிப்படையாகச் சொன்னார். எட்டே வருடம். 2010இல் வந்த திரைப்படத்தில் டூமாவாக நடித்தவர் வெள்ளை நடிகர் ஜெரார் தெபார்தியூ. தோலுக்குச் சாயம், தலைக்குச் சுருட்டை முடி டோப்பா. கறுப்பின அமைப்புகள் எதிர்த்தன. கறுப்பராக நடிக்கக் கறுப்பர் ஒருத்தர்கூடக் கிடைக்கலையா?

'கலைஞனுக்குச் சாதி ஏது, நிறம் ஏது' என்று நம்மிடம் உபதேசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நீங்கள் கொண்டாடும் அந்தப் புத்தக அட்டையில் இருப்பது பிரபுவின் பெயரல்ல, அடிமைப் பெண்ணின் பெயர். மகன் அதை வேண்டியே எடுத்துக்கொண்டார். அடுத்த பதிப்பின் முன்னுரையில் மரி செசெத் யார் என்று முதல் பத்தியிலேயே எழுதுங்கள். வாளும் குதிரையும் அப்புறம் வரட்டும்.