கறள் போனாற் போதுமா?

‘கடைதல்’ என்னுஞ் சொல் தமிழிலே இரு தொழில்களுக்கு உரியது. மோர் கடைவதும் கடைதல்; மரத்தையும் உலோகத்தையும் சுழலவிட்டுச் செதுக்கி உருவாக்குவதும் கடைதல். மத்தைக் கயிற்றினாற் சுற்றி முன்னும் பின்னும் இழுப்பதுபோலவே, பழைய கடைசற்காரனும் தன் மரத்தைக் கயிற்றினாற் சுற்றி முன்னும் பின்னும் இழுப்பித்தான். இரண்டுக்கும் சொல் ஒன்றானமைக்கு இவ்வொப்புமையே காரணம் போலும். இன்று பட்டறையார் லேத் என்றும், பாடநூலார் கடைசற்பொறி என்றும் சொல்லும் இயந்திரம் அந்தக் கயிற்றுக் கடைசலின் வழிவந்ததே. பண்டிதனுக்கு இரும்பில் என்ன வேலை என்று கேட்போர்க்கு இவ்வளவு விடை போதும்.

எழுத நேர்ந்த காரணம் வேறு. இங்கிலாந்திலே வாழும் எம் பழைய மாணாக்கர் ஒருவர் தம் வீட்டுக் கொட்டிலிலே ஒரு பழைய கடைசற்பொறியைப் புதுக்கத் தொடங்கியிருக்கிறார். ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் காலமான பின், அவர் குடும்பத்தார் விற்றுவிட்ட பொறி அது. கைத்தொலைபேசி வழியே நிழற்படங்கள் வந்தன. கூடவே ஒரு வினாவும் வந்தது: ‘ஐயா, என்ன நிறம் பூசலாம்?’ நிறத்திலே எமக்கு யாதொரு விரோதமும் இல்லை. ஆயினும், பழம்பொறி புதுக்குவோரிற் பலர் இவ்வினாவையே முதல் வினாவாகக் கொண்டுவிடுகின்றனர். அது கடைசி வினா என்பதே எம் கட்சி.

பொறி இன்னதெனச் சொல்லவேண்டும். மைபோர்ட் எம்.எல். 7 என்பது அதன் பெயர். நொட்டிங்காம் நகருக்கு அயலிலுள்ள பீஸ்டன் என்னும் ஊரிலே 1934 இல் தொடங்கிய மைபோர்ட் பட்டறை, உலகப்போர் முடிந்த மறு ஆண்டாகிய 1946 இல் இதனை வெளியிட்டது. வீட்டிலே மாலை வேளைகளிற் சிறு நீராவி எஞ்சின்களும் மணிக்கூடுகளும் செய்து மகிழும் அன்பர்களையே இது பெரிதும் நோக்கியது. அவ்வன்பர்களுக்கென ‘மொடல் எஞ்சினியர்’ என்னுஞ் சஞ்சிகை அந்நாட்டிலே 1898 இலேயே தோன்றிவிட்டது. அவர்கள் எத்துணைப் பழைய கூட்டத்தார் என்பதற்கு அதுவே சான்று. பீஸ்டன் பட்டறை 2011 இல் மூடப்பட்டது. பொறிகளோ ஆயிரக்கணக்கான கொட்டில்களில் இன்னும் இருக்கின்றன. உடையவர் இறந்தால் அவை கைமாறும். கைமாறாதது பழைய இரும்புக்காரனிடம் போகும். ஆகவே புதுக்கும் வேலை வீண்வேலையன்று. அதனை எவ்வாறு செய்வது என்பதிலேதான் வழக்கு.

கடைசற்பொறியின் உயிர் அதன் படுக்கையிலே இருக்கிறது. நீண்ட வார்ப்பிரும்புப் படுக்கை. அதன்மேல் ஊர்ந்து செல்வது கத்தி தாங்கும் வண்டி. ஆங்கிலேயர் இவ்வண்டிக்குச் சேணம் எனப் பெயரிட்டார்கள். குதிரைமேற் கிடக்குஞ் சேணம்போல அது படுக்கைமேற் கிடப்பதனால் பெயர் பொருந்தும். படுக்கை எவ்வளவு நேரோ அவ்வளவு நேராகவே கத்தி செல்லும். கத்தி சென்ற வழியே உருளையின் வடிவம். பளபளப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இனித் தேய்வைப் பார்ப்போம். பெரும்பாலான வேலைகள் குறுகியவை. பொருளைக் கவ்வும் ‘சக்’கின் அருகிலேயே முடிந்துவிடுகின்றன. ஆதலின் சேணம் பல்லாண்டு அவ்விடத்திலேயே ஊர்ந்து, படுக்கையின் தலைப்பக்கத்தைத் தேய்த்துவிடுகிறது. வாற்பக்கமோ செய்த நாளில் இருந்தபடியே இருக்கும். இதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. சேணம் பக்கத்துக்குப் பக்கம் ஆடாதபடி அதனை நெருக்கிப் பிடிக்கும் இறுக்குப்பட்டை ஒன்று இருக்கிறது. தலைப்பக்கத்திலே ஆட்டம் நீங்கும்வரை அதனை இறுக்கிவிட்டு, சேணத்தை வாற்பக்கம் தள்ளிப் பாருங்கள். தேய்ந்த பொறியானால் பாதி வழியிலே முரண்டுபிடித்து நின்றுவிடும். நிறம் பூசி விற்பவர் பட்டையைத் தளர்த்தி வைத்திருப்பார். சேணம் வழுக்கிக்கொண்டு போவதைக் கண்டு வாங்குபவர் மயங்குவார்.

இச்சோதனைக்கும் முன்னே செய்யவேண்டியது ஒன்றுண்டு. படுக்கை பார்வைக்கு வைரம்போலத் தோன்றினும், சமமில்லாத மேசைமீது வைத்து ஆணியிறுக்கினால் முறுகிவிடும். அளவுகோல் காட்டும் பிழை தேய்வினால் வந்ததா, முறுக்கினால் வந்ததா என்று தெரியாமலே பொறியைப் பழிப்பவர் உளர். ஓர் இரும்புத் தண்டை ஒரு முனையிலே கவ்வி, கவ்விய இடத்தருகில் ஒரு வளையமும் கடைக்கோடியில் ஒரு வளையமுமாக விட்டு, இரண்டையும் கத்தியின் ஒரே நிலையிற் கடைந்து, திருகுக் கணிச்சியால் விட்டங்களை அளக்கவேண்டும். வேறுபாடு காணின் முதலிற் காற்புறத்தை உயர்த்தியும் தாழ்த்தியும் பார்க்கவேண்டும். அரைநாள் வேலை. அரத்தையும் சாணையையும் எடுக்குமுன் இந்த அரைநாளைச் செலவழிக்காதவர் நல்ல பொறியொன்றைக் கெடுக்கும் வாய்ப்பே அதிகம்.

முறுக்கு நீங்கியும் பிழை நிற்குமாயின் அது தேய்வு. அப்போதும் எல்லாத் தேய்வும் ஒரு தன்மையதன்று. இதனை எங்களூர் லேத்துப் பட்டறைக்காரர் ஒருவர் கரித்துண்டால் நிலத்திலே கீறிக் காட்டினார். யாம் வீட்டுக்கு வந்து கணக்கிட்டுப் பார்த்தோம். ஓரங்குல விட்டமுள்ள உருளையைக் கடையும்போது, படுக்கையின் மேல்முகம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு தேய்ந்து, கத்தி அவ்வளவு தாழ்ந்துவிட்டதென்று கொள்வோம். உருளையின் ஆரத்தில் வரும் பிழை அங்குலத்தில் நாற்பதினாயிரத்தில் ஒரு பங்கே. அதே அளவு தேய்வு பக்கமுகத்தில் இருந்து, கத்தி பக்கவாட்டில் விலகினாலோ, விட்டத்தில் ஆயிரத்திற் பத்துப் பங்கு பிழை வந்துவிடும். முன்னது கணிச்சிக்கும் புலப்படாது. பின்னது வேலையையே பாழாக்கும். மேல்முகத்தின் தேய்வு கண்ணுக்கு நன்றாகத் தெரியும். பக்கமுகத்தின் தேய்வு மறைந்து கிடக்கும். தெரிவதைச் சாணைபிடித்து மினுக்கி, மறைந்ததை மறந்துவிட்ட பொறிகள் எத்தனையோ!

எம்.எல். 7 பொறியிலே இன்னும் ஒரு விந்தை. ஆதியில் வந்தவற்றிலே சேணத்துக்கு வழிகாட்டியது படுக்கையின் முன்தண்டவாளம் மட்டுமே. அதன் இரு பக்கமுகங்களையும் பற்றியே சேணம் ஊர்ந்தது. அங்கேதான் தேய்வும் நேர்ந்தது. பின்தண்டவாளத்தின் வெளிப்புற முகம் எதனாலுந் தீண்டப்படாமலே கிடந்தது. பிற்காலத்திலே கூரிய அன்பர்கள் சேணத்தின் பின்புறத்தில் ஒரு பட்டையைச் சேர்த்து, அந்தத் தேயாத முகத்தையே வழிகாட்டியாக்கிக் கொண்டார்கள். படுக்கையிலே ஒரு துரும்பும் சுரண்டப்படவில்லை, பொறி நேராயிற்று. செய்தவர்களின் ஆக்கத்துள்ளேயே கிடந்த மருந்து அது. புதுக்குதல் என்னுஞ் சொல்லுக்கு இதனினும் நல்ல உதாரணம் யாம் அறியோம்.

சுரண்டியே தீரவேண்டிய முகங்களும் உண்டு. அதற்கு வேண்டுவது ஒரு சமதளத் தட்டும், சிறிது நீல மையும், கூரிய சுரண்டியும், அளவற்ற பொறுமையும். தட்டில் மையைப் பூசி முகத்தின்மேல் வைத்து அசைத்தால் மேடுகளில் மை பற்றும். பற்றிய இடத்தை மட்டும் சுரண்டவேண்டும். மீண்டும் மை, மீண்டும் சுரண்டல். புள்ளிகள் முகமெங்கும் பரவும்வரை நூறு தடவையும் செய்ய நேரலாம்.

அந்தத் தட்டு சமதளம் என்பதற்கு யார் சாட்சி? இவ்வினாவுக்குரிய விடையை ஜோசப் விட்வர்த் என்னும் ஆங்கிலேயர் 1840 இலே கிளாஸ்கோ நகரிற் கூடிய பிரித்தானிய விஞ்ஞானச் சங்கத்தார் முன் எடுத்துரைத்தார். இவர் இலண்டனிலே ஹென்றி மோட்ஸ்லி என்னும் பெருந்தச்சரின் பட்டறையில் வேலை பழகியவர். இரண்டு தட்டுகள் ஒன்றோடொன்று பொருந்துவதனால் இரண்டும் சமதளம் என்பது பெறப்படாது. சிரட்டைக்குள் சிரட்டை பொருந்தவில்லையா? ஒன்று குழிந்தும் மற்றது குவிந்தும் இருக்கலாம். மூன்றாவது தட்டொன்றையும் சேர்த்து, எந்த இரண்டை எப்படித் திருப்பி வைத்தாலும் பொருந்தும்வரை திருத்தினாலே மூன்றும் சமதளமாகும். பொடியிட்டு ஒன்றோடொன்று தேய்க்கும் பழைய வழக்கத்தை அவர் கண்டித்து, சுரண்டுதலே முறையென நிறுவினார்.

இதை வாசித்தபோது எமக்கு ஏட்டுப் பிரதிகள் நினைவுக்கு வந்தன. இரண்டு ஏடுகள் ஒரே பாடத்தைச் சொல்வதனால் அப்பாடம் நூலாசிரியருடையதென்று துணியலாகாது. இரண்டும் ஒரே பிழைப்பட்ட தாயேட்டின் பிள்ளைகளாக இருக்கலாம். வேறு வழியில் வந்த மூன்றாவது ஏடு வேண்டும். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1881 இல் வீரசோழியத்தையும் 1887 இற் கலித்தொகையையும் பதிப்பித்தபோது, செல்லரித்த ஏடுகளை ஊர்தோறும் தேடிப் பெற்று ஒப்புநோக்கிய உழைப்பு இவ்வகையதே. விடுபட்ட எழுத்தைத் தம் புலமையால் இட்டு நிரப்பிவிட்டால் ஏடு அழகாகத்தான் இருக்கும். பழம்பொறிக்குப் பூசும் நிறமும் சிலவேளை அத்தகைய இட்டு நிரப்பலே.

கறளைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். படுக்கையிலே உப்புத்தாள் தேய்ப்பது தகாது. உதிரும் பொடி வார்ப்பிரும்பிற் புதைந்து, பின்னர் சேணத்தை அராவிக்கொண்டே இருக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மழுங்கிய அலகொன்றால் மெல்ல வழித்தெடுப்பதே நன்று. சிறு உறுப்புகளைச் சலவைச்சோடாக் கரைசலில் இட்டு மின்பகுப்பினாற் கறள் நீக்கலாம். உறுப்பு மறைமுனையிலும், கழிவிரும்புத் துண்டு நேர்முனையிலும் இருத்தல்வேண்டும். நேர்முனைக்குக் கறையில் உருக்கைப் பயன்படுத்துவோர் நச்சுக் குரோமியச் சேர்வையை உண்டாக்குகிறார்கள் என்பதை அறியார். வாயு எழுமாதலால் வெளிக்காற்றுள்ள இடமும் வேண்டும். பழைய பூச்சிலே ஈயம் இருக்கக்கூடும். உலர்ந்தபடி தேய்த்துத் தூளாக்கி மூச்சில் இழுக்கலாகாது. சுழல்தண்டின் போதிகைகள் வெண்ணுலோகத்தால் ஆனவை; தேய்ந்தால் இடையிலுள்ள தகட்டடுக்கை ஏடேடாக உரித்து நெருக்கும்படி செய்தவர்களே வைத்திருக்கிறார்கள். இன்னுமொன்று: சுழலும் பொறிக்கு அருகே வேட்டி சால்வையோடு போகலாகாது. இது எம் போன்றார்க்கு.

இத்தனை பாடுபடுவானேன், புதிய சிறு பொறியொன்றைச் சீனாவிலிருந்து வருவிக்கலாமே என்பார் உளர். கடைந்த உருளை மட்டுமே வேண்டுமாயின் அவர் சொல்வது சரி. மாலைக்கு மாலை மண்ணெண்ணெய் நாறவேண்டியதில்லை. ஆனால் சுரண்டியைப் பிடிக்கத் தெரிந்த கைகள் அருகிவருகின்றன. ஒருவர் ஒரு பொறியை நேராக்கும்போது, நேர் இன்னதென்று காணும் கண்ணையும் பெறுகிறார். அக்கண்ணைக் கடையில் விற்பாரில்லை.

மாணாக்கரின் பொறியிலே, முந்திய உடையவர் குறுக்குத் தட்டில் தமக்கு வேண்டியவாறு துளைத்த இரண்டு துளைகள் இருக்கின்றன. அவற்றை அடைத்து மறைக்கவேண்டுமா என்றும் அவர் கேட்டிருந்தார். வேண்டாம் என்று எழுதினோம். அவை வேலைக்கு இடையூறில்லை; காலமானவர் எதையோ செய்ய எண்ணித் துளைத்தவை. எந்த முகம் சுரண்டப்பட்டது, எத்தனை ஏடு தகடு உரிக்கப்பட்டது, அளவு முன்னர் என்ன, பின்னர் என்ன, நாள் யாது என்பவற்றை ஒரு தாளில் எழுதி வைக்கும்படியும் சொன்னோம். அத்தாளைப் பொறியின் கீழுள்ள அலுமாரிக் கதவின் உட்புறத்திலே, எண்ணெய் தெறியாத உயரத்தில் ஒட்டுவாராக. நிறம் அவர் விருப்பம்.