யார் கை நடுங்க வேண்டும்?

'கோட்டாவில் வந்த டாக்டரிடம் பல்லைக் காட்டாதே, சொத்தைப் பல்லை விட்டுவிட்டு நல்ல பல்லைப் பிடுங்கிவிடுவான்' என்றொரு நகைச்சுவை நம்மூர் நடுத்தர வர்க்கத்தின் வாயில் வெகுகாலமாக ஊறிக் கிடக்கிறது. ஏனப்பா என்று கேட்டால், 'அவனுக்குக் கை நடுங்குமே' என்கிறார்கள். பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகக் காத்திருக்கும் நம் பிள்ளைகள் இதையே வேறு குரலில் கேட்கிறார்கள். 'நோயாளி வாய்க்குள்ள கைய வைக்கணும்னு நெனச்சாலே வேர்க்குதுண்ணே. என்னால முடியுமா?' அந்த நகைச்சுவைக்கும் இந்தக் கேள்விக்கும் உள்ள உறவைக் கண்டுகொள்ளாமல், 'மூச்சை இழுத்து விடு, தன்னம்பிக்கையை வளர்த்துக்கொள்' என்று இவர்களுக்குப் பாடம் எடுப்பது மோசடி என்கிறோம் நாம்.

இங்கே இரண்டு பயங்கள் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன. முதலில் அவற்றைப் பிரித்துவிடுவோம்.

ஒன்று, தொழில் பழகுகிற யாருக்கும் வரும் பயம். கொத்தனார் வேலைக்குப் போகிற சித்தாளுக்கும் உண்டு, முதல் நாள் பறையைத் தோளில் மாட்டுகிற சிறுவனுக்கும் உண்டு. அதற்கு மருந்து பழக்கம்தான். பி.டி.எஸ். சேர்ந்த மறுநாளே யாரும் நோயாளியின் பல்லைப் பிடுங்கச் சொல்வதில்லை. முதலில் மெழுகில் பல் செதுக்க வேண்டும். பிறகு 'ஃபேன்டம் ஹெட்' என்கிற பொம்மைத் தலையின் வாயைத் திறந்துவைத்துக்கொண்டு, பொய்ப் பல்லிலும் பிடுங்கிப் போட்ட பல்லிலும் குடைந்து அடைத்துப் பழக வேண்டும். மூன்றாம் வருஷத்தில்தான் உயிருள்ள வாய். அதுவும் ஆசிரியர் மேற்பார்வையில். பல் சுத்தம் செய்வது, சீனியருக்குப் பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது என்று சின்ன வேலைகளில் கை வளையும். கீழ்த்தாடைக்குப் போடுகிற மரப்பு ஊசி, இருபது வருஷம் போட்டவருக்கே சில நேரம் முதல் குத்தில் பிடிக்காது. புதியவனுக்குப் பிடிக்கவில்லை என்றால் அது சாதியின் குறையா, இட ஒதுக்கீட்டின் குறையா? நரம்பு அங்கே ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறி ஓடுகிறது, அவ்வளவுதான்.

ஒரு சங்கதி சொல்ல வேண்டும். பல் மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு துறையிலும் இத்தனை பல் பிடுங்கியாக வேண்டும், இத்தனை பல் அடைத்தாக வேண்டும், இத்தனை பல்செட்டு கட்டியாக வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்குக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? 'கோட்டா'. பணம் கட்டிச் சேர்ந்த முதலாளி வீட்டுப் பிள்ளையும் 'கோட்டா முடிக்கணும்' என்றுதான் வராந்தாவில் நோயாளியைத் தேடி ஓடுகிறது. இந்தக் கோட்டாவைப் பற்றி எவனாவது நகைச்சுவை சொல்லிக் கேட்டதுண்டா?

இரண்டாவது பயத்துக்கு வருவோம். அது கையில் பிறப்பதில்லை. ஊர் அதைக் கையில் ஏற்றிவைத்திருக்கிறது.

சாதி வாயில் குடியிருக்கிறது. யார் கையால் யார் சாப்பிடலாம், யார் எச்சில் யார்மேல் படலாம் என்பதுதான் இந்த நாட்டின் எழுதாத சட்டம். டீக்கடைத் தனிக் குவளை எதற்கு? நம் உதடு பட்ட கண்ணாடியில் அவர்கள் உதடு படக்கூடாது என்பதற்கு. 2002-இல் திருச்சி மாவட்டம் திண்ணியத்தில் இரண்டு தலித்துகளுக்குச் சூடு போட்டு, ஒருவர் வாயில் ஒருவர் மலத்தைத் திணிக்க வைத்தார்கள். அவமானப்படுத்த வாயைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. பிள்ளைகள் நோயில் விழுந்த பிறகே அது தெரியவந்தது. 2025-இல் சி.பி.சி.ஐ.டி. போலீஸ், அதே குடியிருப்பின் மூவர் மீதே குற்றப்பத்திரிகை வைத்தது! அந்த மாவட்டத்தின் தலைநகரில் 2023-இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறந்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்த வாயும் ஒருநாள் அங்கே போய்த் திறக்கத்தான் போகிறது.

இப்படிப்பட்ட நாட்டில் பல் மருத்துவரின் வேலை என்ன? அடுத்தவர் வாய்க்குள் விரலை விடுவது. எச்சிலில் கையை நனைப்பது. சேரியில் பிறந்த பெண்ணின் விரல் ஊர்க்காரரின் நாக்கைத் தொட்டு ஒதுக்குவது. சாதி எந்த இடத்தில் 'தொடாதே' என்றதோ அந்த இடமேதான். இதில் கை நடுங்காவிட்டால்தான் ஆச்சரியம்!

நாற்காலியில் வந்து உட்காருகிறவர் வாயைத் திறக்குமுன் ஒரு விசாரணை நடத்துவார். 'தம்பிக்கு எந்த ஊரு?' 'ஊருன்னா எந்தப் பக்கம்?' 'அப்பா என்ன பண்றாரு?' பல் வலியில் கன்னம் வீங்கிப் போனவனுக்குக்கூட இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டியிருக்கிறது. வைரஸுக்குக் கையுறை இருக்கிறது. சாதிக்கு எந்தக் கம்பெனியும் கையுறை செய்யவில்லை.

நோயாளியை விடுங்கள், அவர் ஒரு மணி நேரத்தில் எழுந்து போய்விடுவார். கல்லூரி எழுந்து போகாது. டெல்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதத்தை ஆராய்ந்த தோரட் குழு 2007-இல் அறிக்கை தந்தது. தேர்வு வைக்கிறவர்களே நேராகவோ சுற்றி வளைத்தோ சாதியைக் கேட்டதாக மாணவர்கள் சொன்னது அதில் பதிவாகியிருக்கிறது. 2019 மே மாதம் மும்பையில் பாயல் தாட்வி என்ற பழங்குடி மருத்துவர் தற்கொலை செய்துகொண்டார். மகப்பேறு மருத்துவம் படிக்க வந்தவரைப் பிரசவம் பார்க்க விடாமல் சீனியர்கள் ஒதுக்கினார்கள் என்பது குடும்பத்தார் சொன்ன புகார்களில் ஒன்று. தந்திரத்தைக் கவனியுங்கள். வேலை கொடுக்காதே, கொடுக்காவிட்டால் கை பழகாது. பழகாத கை நடுங்கும். நடுங்கினால் 'பார்த்தாயா, தகுதி இல்லை' என்று மார்க்கைக் குறை. துரோணருக்குக் கட்டைவிரலை வெட்டிக் கேட்க வேண்டியிருந்தது. இவர்களுக்குக் கத்தியே தேவையில்லை.

பயம் நமக்கு மட்டுந்தான் இருந்ததா? மருத்துவர் தருகிற சோறே ஆகாது என்று விலக்கிவைத்தது மனுவின் நூல். ரத்தத்தையும் சீழையும் தொடுகிற தொழில் தீட்டு. பிணத்தைத் தொடுவது அதைவிடத் தீட்டு. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் 1836-இல் மதுசூதன் குப்தா பிணத்தின்மேல் கத்தி வைத்தபோது அது பெரும் புரட்சியாகப் பேசப்பட்டது. கோட்டையில் பீரங்கி வெடித்துக் கொண்டாடியதாகவும் சொல்கிறார்கள். உயர்சாதிக்காரனின் பயத்தைப் போக்க அரசாங்கம் பீரங்கி வெடிக்கும்! பிணம் சுமப்பதும் குழி வெட்டுவதும் செத்த மாட்டை உரிப்பதும் நம் தலையில் கட்டப்பட்டிருந்தனவே, அந்தக் கைகளுக்கு எவன் வெடி வெடித்தான்? வடநாட்டில் பிள்ளை பிறந்த வீட்டில் தொப்புள்கொடி அறுப்பது தலித் பெண்ணின் வேலை. அறுக்கும்வரை கை வேண்டும். அறுத்த பிறகு அந்தக் கை தீட்டு.

இன்னொரு பக்கமும் பேசியாக வேண்டும். நடுங்காத கைகளைப் பற்றி.

மாணவர்கள் பழகுவது யார் வாயில்? அரசு ஆஸ்பத்திரிக்கும் கல்லூரி ஆஸ்பத்திரிக்கும் வருகிற கூலிக்காரர், துப்புரவுத் தொழிலாளி, சித்தாள், களை பறிக்கிற பொம்பளை ஆகியோரின் வாயில். காசிருப்பவன் பழகி முடித்த கையிடம் போகிறான். காசில்லாதவன் பழகுகிற கைக்குத் தன் வாயைக் கொடுக்கிறான். தேசத்தின் பல் மருத்துவமே அந்த வாய்களில் கற்றுக்கொள்ளப்பட்டதுதான். பதிலுக்கு அந்த வாய்களுக்குக் கிடைப்பது என்ன? 'பல்லே வெளக்க மாட்டியா? வாய் நாறுது. பாக்கு போடாதன்னா கேக்குறியா?' சாக்கடை நாற்றம் தாங்க முடியாமல் பாக்கை அதக்குகிறவரிடம் இந்தப் போதனை! என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லாமல் ஊசியைக் குத்துகிற கை நடுங்குவதில்லை. 'கோட்டா' முடிக்க அவசரமாய்ப் பிடுங்குகிற கையும் நடுங்குவதில்லை. இதற்குத் தன்னம்பிக்கை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏழையின் வாய்க்கு முன்னால் கொஞ்சமாவது நடுங்கட்டும் அந்தக் கைகள் என்கிறோம்.

பல் மருத்துவம் படிக்கப் போகிற தம்பி, தங்கைகளே! அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-இல் தமிழ்நாட்டில் வந்த 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டாலும் உங்களில் பலர் உள்ளே போகிறீர்கள். உங்கள் முதல் பயத்தை வெட்கமில்லாமல் ஒத்துக்கொள்ளுங்கள். தெரியாததை மூன்று தரம் கேளுங்கள். பொம்மைத் தலையோடு கூடுதல் நேரம் உட்காருங்கள். நோயாளி வந்தால் உபகரணத்தைக் கையிலெடுக்குமுன் அவரோடு பேசுங்கள். 'ஆயா, மரத்துப்போக ஊசி போடப் போறேன், எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், வலிச்சா கையத் தூக்கு' என்று சொல்ல உங்களுக்கு யாரும் பயிற்சி தர வேண்டியதில்லை. அது நம் தெருப் பேச்சு. கான்வென்ட்டுப் பிள்ளை வருஷக்கணக்கில் கற்றாலும் வராத மொழி அது. சொல்லிவிட்டுச் செய்தால் அவர் பயமும் குறையும், உங்கள் கையும் நிதானப்படும்.

இரண்டாவது பயத்தோடு மட்டும் தனியாக மல்லுக்கட்டாதீர்கள். அது தனி ஆளின் வியாதி அல்ல. 1927-இல் மகாத்தில் அம்பேத்கர் குளத்து நீரை அள்ளி வாயில் வைத்தார். பின்னால் ஆயிரக்கணக்கானோர் அள்ளினார்கள். தலைமுறை தலைமுறையாய் விலக்கப்பட்ட தண்ணீரைத் தொடும்போது அந்தக் கைகள் நடுங்காமலா இருந்திருக்கும்? கூட்டமாய் இறங்கினார்கள், அதனால் குடித்தார்கள். பிறகு அடியும் வாங்கினார்கள். குடித்தது குடித்ததுதான்.

எனவே இதைப் படிக்கும் தோழர்களுக்கும் வேலை இருக்கிறது. கல்லூரிதோறும் நம் சீனியர் மாணவர்களைக் கொண்டு முதல் வருஷத்தாரைத் தாங்குகிற வட்டம் ஒன்று வேண்டும். உபகரணம் வாங்கக் காசில்லாமல் இரவல் வாங்கி அவமானப்படுகிற பிள்ளைக்கு ஒரு செட்டு வாங்கித் தர வேண்டும். யாருக்கு எத்தனை நோயாளி ஒதுக்கப்பட்டார்கள், செய்முறைத் தேர்வில் யாருக்கு எவ்வளவு மார்க் என்ற கணக்கைக் கல்லூரி வெளியில் வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். சாதி கேட்கிற ஆசிரியரின் பேச்சைத் தேதி போட்டு எழுதிவைத்து, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும் இடத்தில் பாய விட வேண்டும். தன்னம்பிக்கை வகுப்பை அதற்குப் பிறகு வைத்துக்கொள்வோம்.