தெருமூடி மடத்தில் அரை மணி நேரம்

யாழ்ப்பாணத்திற்கு வரும் விருந்தினரை ஒரே நாளில் எங்கே அழைத்துச் செல்வது? இந்தக் கேள்விக்கு எங்களிடம் ஆயத்தமான விடை ஒன்று உண்டு: நல்லூர், பொது நூலகம், கோட்டை, நேரமிருந்தால் நயினாதீவு. அண்மையில் பல்கலைக்கழகக் காலத்து நண்பர் ஒருவர் ரொறன்ரோவிலிருந்தும், பத்திரிகைத்துறை நண்பர் ஒருவர் சென்னையிலிருந்தும் வந்திருந்தனர். அவர்களுக்காக அந்தப் பட்டியலைக் கைவிட்டு, வடமராட்சிப் பக்கம் வாகனத்தைத் திருப்பினோம்.

வழியில் புத்தூரை அடுத்துள்ள நிலாவரைக் கிணறு. ஆழங்காண முடியாதது என்று தலைமுறைகளாகப் பேசப்படும் கிணறு. இராமர் அம்பெய்து உண்டாக்கினார் என்பது ஐதிகம். சுண்ணாம்புக்கல் கரைந்து உருவான பள்ளம் என்பது விஞ்ஞானம். மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத குடாநாடு எதை நம்பி வாழ்கிறது, அதை அளவு மீறி இறைத்தால் என்னவாகும் என்பதை இந்தக் கிணற்றைவிடத் தெளிவாகச் சொல்லும் பாடநூல் எதையும் நான் கண்டதில்லை.

அச்சுவேலியையும் தொண்டைமானாற்றையும் கடந்து வல்வெட்டித்துறையில் இறங்கினோம். சென்னை நண்பரின் முதற்கேள்வி, பிரபாகரனின் வீடு எங்கே என்பதுதான். அது 2010 இல் தரைமட்டமாக்கப்பட்டுவிட்டது என்றேன். அவர் கேட்டதில் தவறில்லை. ஆனால், ஓர் ஊரை ஒரே பெயருக்குள் அடக்கிவிடலாமா?

இவ்வூரில் கட்டப்பட்ட 'அன்னபூரணி அம்மாள்' என்ற பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் செலுத்திச் சென்ற அக்கப்பல் 1938 இல் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954 இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971 இல் அதே நீரிணையைப் போகவும் வரவும் நீந்தினார். 1984 இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிர்நீத்தார். அடுத்தடுத்த இரு சிற்றூர்கள்! வெளியாருக்கு இது விந்தையாகத் தோன்றலாம். கடலை எல்லையாகக் கருதாமல் தெருவாகக் கருதியவர்களுக்கு அது இயல்பு.

உச்சிவெயிலில் பருத்தித்துறையை அடைந்தோம். அங்கே தும்பளை வீதியில் தெருமூடி மடம் இருக்கிறது. பெயரே அதன் இலக்கணம். தெருவின் இரு மருங்கும் திண்ணைகள், கற்றூண்கள், மேலே கூரை. நடுவே தெரு ஓடுகிறது. வாகனத்திற்குள் இருப்பவருக்கு அது சில விநாடி நிழல், அவ்வளவே. தெருவின் குறுக்கே மடம் கட்டியவன் என்ன மனிதன் என்றுகூடத் தோன்றும்.

இறங்கித் திண்ணையில் அமர்ந்தோம். காற்று வந்தது. கட்டியவன் நோக்கம் அப்போதுதான் விளங்கிற்று. மற்ற மடங்களுக்கு வழிப்போக்கன் தெருவை விட்டு விலகிச் செல்ல வேண்டும். இங்கே நிழல் அவன் நடக்கும் தெருவுக்கே வந்துவிடுகிறது. கேட்காமலே கொடுக்கும் அறம் அது.

ரொறன்ரோ நண்பர் இந்தப் பகுதியில் பிறந்தவர். வெகுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "இதுக்குள்ளாலை ஆயிரம் தரம் சைக்கிளிலை போயிருப்பன். ஒருநாளும் இதிலை இருந்ததில்லை" என்றார்.

நான் சொல்ல வருவதும் அதுவேதான். நமது ஊர்களை இன்று யுத்தத்தின் எச்சமாகவோ கோபுரங்களின் வரிசையாகவோ மட்டுமே காட்டுகிறோம். இரண்டும் உண்மை, ஆயினும் இரண்டும் சேர்ந்தாலும் முழுமையல்ல. கப்பல் கட்டியவர்களின் கைமுறை, நீரோட்டம் பார்த்துப் பாய் விரித்தவர்களின் அறிவு, வழிப்போக்கனுக்கு நிழல் செய்தவர்களின் மனம் ஆகியவற்றை அறிந்த முதியோர் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள். கோபுரத் திருப்பணிக்குத் தாராளமாக வழங்கும் புலம்பெயர்ந்த உறவுகள், அதில் ஒரு சிறு பங்கை இவர்களின் நினைவுகளைப் பதிவுசெய்யும் பணிக்கும் ஒதுக்கலாகாதா? நாளை வீதியை அகலமாக்க வேண்டுமென எவரேனும் கேட்டால், மடத்தைக் காக்கப்போவது அறிவிப்புப் பலகை அல்ல. அங்கே ஒருமுறையேனும் அமர்ந்து எழுந்த மனிதர்களே.

அடுத்தமுறை ஊருக்கு வரும்போது வாகனத்தை நிறுத்துங்கள். ஒரு சரை பருத்தித்துறை வடையை வாங்கிக்கொண்டு அந்தத் திண்ணையில் அரை மணி நேரம் இருந்து பாருங்கள்.